ரவிக்கைக்கு உச்சவரம்பு இல்லை

மகுடீஸ்வரன் தன் கையால் ஒரு நாளும் வீட்டுக் கணக்கு எழுதியதில்லை. அவன் வயதில் யாருமே எழுதியதில்லை. கணக்கி என்ற செயலி வந்த பிறகு அதற்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. வீட்டில் இருப்பவர்களின் வங்கிக் கணக்குகளை ஒரே ஒரு முறை அதில் இணைத்துவிட்டால் போதும். யார் எங்கே எதை வாங்கினாலும் கணக்கி அதை வங்கியிலிருந்து தானே இழுத்துவந்து, கடைக்காரரின் பில்லோடு ஒத்துப் பார்த்து, குடும்பப் பேரேட்டில் ஒரு வரியாகப் பதிந்துவிடும். கொத்தமல்லி ஒரு கட்டு, என்ன விலை, வாங்கியது வளர்மதி. ஸ்கூட்டருக்கு சார்ஜ், என்ன விலை, போட்டது மகுடீஸ்வரன். பேரேட்டைக் குடும்பத்தில் எல்லாரும் பார்க்கலாம். பார்க்க மறந்தாலும் சாயங்காலம் அதுவே எல்லார் போனிலும் வந்து நிற்கும்.

ரூபாய் நோட்டுகளை வங்கிகள் வாங்கிக்கொள்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டுக் கடன், காப்பீடு, பள்ளிக்கூடத்தில் இடம் என்று எதற்குப் போனாலும் பேரேட்டைத்தான் கேட்டார்கள். அதில் காரணம் தெரியாத வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. தனக்குப் புரியாத செலவு வந்தால் கணக்கி பணிவாகக் கேட்கும்: "இது எதற்காக?" பதில் வரும்வரை தினமும் கேட்கும். மாமியாரே தேவலை என்று ஊரே அதைக் கிண்டல் செய்தது. கிண்டல் செய்துகொண்டே ஊரே பதிலும் எழுதியது.

பதில் எழுதியும் புரியாத வரிகள் ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில் இருந்த சந்தேகப் பிரிவுக்கு வரும். அங்கேதான் மகுடீஸ்வரனுக்கு வேலை. வீடுகளின் பெயரை மறைத்துத்தான் அனுப்புவார்கள். அவன் படித்துப் பார்த்து, தேவைப்பட்டால் நேரில் போய் விசாரித்து, சரியான காரணத்தை எழுதுவான். அவன் ஒரு தடவை எழுதினால் கணக்கி அதைக் கற்றுக்கொள்ளும். அதன்பின் அதே மாதிரி செலவு எந்த ஊரில் எந்த வீட்டில் வந்தாலும் யாரையும் கேட்காமல் அதையே போட்டுக்கொள்ளும். அதனால் அவன் பொய்க் காரணம் எழுதியதே கிடையாது. எழுதக் கை வராது என்று சொல்லிக்கொள்வான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கணக்கியில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையைப் போட்டவர்களில் மகுடீஸ்வரனும் ஒருவன்.

எல்லாப் பொருளுக்கும் குறைந்த விலை இவ்வளவு, கூடிய விலை இவ்வளவு என்று ஒரு அட்டவணை தயாரித்தபோது நடந்தது அது. தக்காளி, செருப்பு, பல் பிடுங்கும் கூலி என்று மளமளவென்று போய்க்கொண்டிருந்த வேலை, ரவிக்கைத் தையற்கூலியில் வந்து நின்றது. அறையில் இருந்த ஆறு பேரும் ஆண்கள். ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். ஒரு மனைவி சொன்ன விலைக்கும் இன்னொரு மனைவி சொன்ன விலைக்கும் சம்பந்தமே இல்லை. லைனிங் வைத்தால் ஒரு விலையாம், பின்னால் நாடா வைத்தால் ஒரு விலையாம், கையில் ஊசியால் பின்னும் ஆரி வேலை என்றால் சொல்லவே முடியாதாம். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் 'உச்சவரம்பு இல்லை' என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அத்தனை மனைவிமார்களும் ஏன் அவ்வளவு தெளிவாகக் குழப்பினார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை.

இது நடந்து சில வருடம் கழித்து, கடைக்காரர்கள் விற்பதையும் அதற்காக அவர்கள் வாங்குவதையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கணக்கிக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மாவு வாங்காமல் பரோட்டா விற்பவனைப் பிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதில் முதல் வாரமே சூரம்பட்டியில் ஒரு லேடீஸ் டெய்லர் கடை மாட்டியது. அந்தக் கடை வருடம் முழுக்க ரவிக்கையாகத் தைத்துத் தள்ளியிருக்கிறது. ஆனால் லைனிங் துணி வாங்கியது பத்துப் பேருக்குக்கூடக் காணாது. நூல் வாங்கியது அதைவிடக் குறைவு. தையல் மிஷினுக்குக் கரண்டும் ஓடவில்லை. கணக்கி கேட்டது: "இது எதற்காக?"

மகுடீஸ்வரனுக்கு அந்தத் தெரு தெரியும். அவன் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்தெரு. போகிற வழியில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினான்.

கடையில் ஜமுனா தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். இவனைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"வாங்க தம்பி. வளர்மதி ஊட்டுக்காரருங்களாட்ட இருக்குது?"

"ஆமாங்க்கா. ஆனா நான் ஆபீஸ் சோலியா வந்திருக்கறேன். கணக்கியிலிருந்து."

"உக்காருங்க" என்றாள் ஜமுனா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்க தெச்ச ரவிக்கைக்கும் வாங்குன நூலுக்கும் ஒத்து வரலீங்க்கா. லைனிங் துணியும் வாங்கக் காணோம். நீங்களே சொல்லுங்க, நான் என்னன்னு எழுதட்டும்?"

ஜமுனா தன் தொடையில் லேசாகத் தட்டிக்கொண்டாள். "பாருங்க தம்பி, இத்தனை வருசத்துல நூலு வாங்கோணும்னு எனக்குத் தோணவேயில்லை. கெட்டிக்காரின்னு நெனச்சுட்டிருந்தேன்."

அவள் மறைக்கவில்லை. மறைத்துப் பிரயோஜனமில்லை என்று தெரிந்திருக்கும்.

"சிறுவாடு தம்பி. பொம்பளைக சிறுவாடு. முன்னக் கடுகு டப்பால போட்டு வெப்பாங்க, அரிசிக்குள்ள பொதச்சு வெப்பாங்க. இப்ப எங்க போய்ப் பொதைக்கறது? நோட்டே கெடையாது. போன்ல இருக்கறதுல ஒத்த ரூவா நகந்தாலும் உங்க கணக்கி ஊரக் கூட்டுது. அதான் எங்கிட்ட வந்தாங்க. தொள்ளாயிரம் ரூவா ரவிக்கைக்கு ரெண்டாயிரத்து நானூறுன்னு பில்லுப் போட்டுருவேன். தெக்காத ரவிக்கைக்கும் போடுவேன். மிச்சம் எங்கிட்ட நிக்கும். எனக்கு நூத்துக்கு ரெண்டு ரூவா. சும்மா ஆரு செய்யறாங்க?"

"திருப்பிக் கேட்டா?"

"அவுங்க சொல்ற ஆளுக்கு ஆரி வேலைக் கூலின்னு போட்டுருவேன். தங்கச்சிக்குப் போடச் சொல்லுவாங்க, சிநேகிதிக்குப் போடச் சொல்லுவாங்க. ஒருத்தி அவுங்கம்மாளுக்குப் போடச் சொல்றா. அந்தம்மாளுக்கு ரெண்டு கண்ணுலயும் பொறை. உங்க கணக்குப்படி எங்கிட்ட எச்சா ஆரி வேலை செய்யறது அவுங்கதான்."

மகுடீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "எத்தனை பேருங்க்கா?"

"அதெல்லாம் எழுதி வெக்கறதில்லை. நெனப்புல இருக்குது."

அவன் கேட்க வந்ததை விழுங்கினான். போன மாதப் பேரேட்டில் தன் வீட்டு வரி ஒன்று ஞாபகத்துக்கு வந்திருந்தது. ரவிக்கை இரண்டு, ஜமுனா டெய்லர். படித்துவிட்டுத்தான் தூங்கினான். ஒன்றும் தோன்றவில்லை.

"வளர்மதியும்..."

"அதய அவளத்தான் கேக்கோணும்" என்றாள் ஜமுனா.

நடக்கப்போவதை அவன் சொன்னான். இதை மோசடி என்று எழுதினால் கடையின் வங்கிக் கணக்கு அன்றைக்கே முடங்கும். அதோடு போகாது. ஒவ்வொரு வீட்டுப் பேரேட்டுக்கும் ஒரு திருத்தம் போகும். இது ரவிக்கை அல்ல, இன்னார் மறைத்து வைத்த பணம், தொகை இவ்வளவு. வீட்டில் எல்லார் போனிலும் வரும்.

ஜமுனாவின் முகம் மாறிவிட்டது. "நெறையா ஊட்ல அடி விழும் தம்பி. ஒரு புள்ளை ஊட்ட உட்டே போறதுக்குச் சேத்திட்டிருக்கறா. ஆருன்னு கேக்காதீங்க. இன்னும் ஒரு வருசம் கெடச்சாப் போதும் அவளுக்கு."

"எனக்கு இந்த வாரம் முடியறதுக்குள்ள எதாச்சும் ஒண்ணு எழுதியாகோணும்" என்றான். அவளைப் பார்க்காமல்தான் சொன்னான்.

வீட்டுக்கு வந்தபோது வளர்மதி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீசியன். சம்பளம் அவனைவிட ஆயிரமோ இரண்டாயிரமோ குறைவு. கல்யாணமான எட்டு வருடத்தில் இருவருக்கும் பணத்துக்காக ஒரு வார்த்தை தடித்ததில்லை. அதைக் கணக்கியின் உபயம் என்று அவன் நண்பர்களிடம் சொல்வதுண்டு.

"ஜமுனாக்கா கடைக்குப் போயிருந்தேன்" என்றான்.

கத்தி நின்றது. பிறகு ஓடியது. "ரவிக்கை தெக்கறதுக்குங்களா?"

"மதி, எல்லாம் சொல்லிட்டாங்க."

"ஓ" என்றாள். பீன்ஸைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பயந்தவளாகத் தெரியவில்லை. களைத்தவளாகத் தெரிந்தாள்.

"நீயும் வெச்சிருக்கறயா?"

"இருக்குதுங்க."

"எவ்வளவு?"

"இருக்குதுங்க."

"எதுக்கு மதி? உங்கம்மாவுக்கா?"

"அவங்களுக்குத்தான் மாசாமாசம் நேராவே போடறமே."

"உன் தங்கச்சிக்கா? இல்லை, எனக்குத் தெரியாம எதாச்சும் கடன்..."

"எதுக்குமில்லீங்க."

"எதுக்குமில்லாம ஆராச்சும் சேத்துவாங்களா? எங்கிட்டக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே. அது உஞ்சம்பளந்தானே."

"எஞ்சம்பளத்த நான் உங்ககிட்ட எதுக்குங்க கேக்கோணும்?" என்றாள் வளர்மதி. குரல் உயரவில்லை. "நீங்க ஒரு நாளும் கேட்டதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனா அது கேக்குது. நான் வழியில ஒரு ஐஸ் தின்னாக்கூட உங்க போன்ல வந்து நிக்குது. நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. இருந்தாலும் தின்னு முடிக்கறக்குள்ள, உங்களுக்குத் தெரியப்போகுதேன்னு ஒரு நெனப்பு வந்துருது. ஆருக்கும் தெரியாத பணம் கொஞ்சம் இருக்கோணும்னு இருந்துச்சு. இருக்குதுன்னா தைரியமா இருக்குது. அவ்வளவுதானுங்க. வேறொண்ணுமில்லை."

அவன் நம்பவில்லை. நம்ப முயற்சி செய்தான். இத்தனை வருடம் காரணங்களோடு பிழைத்தவனுக்கு, காரணம் இல்லாத பணம் என்பது பிடிபடவே இல்லை.

"இப்ப என்ன எழுதப்போறீங்க?" என்று கேட்டாள்.

"அதுதான் யோசிக்கறேன்."

"ஒண்ணும் எழுதாம உடறதுக்கு வழியில்லீங்களா?"

"கெடையாது. காலியா உடற எடமே அதுல இல்லை."

"அப்ப நூல் பில்லு உட்டுப்போச்சுன்னு எழுதிருங்க. இனிமே ஜமுனாக்காவ ஒழுங்கா நூலு வாங்கி வெக்கச் சொல்லிர்றேன். முடிஞ்சுது."

"அது பொய்யில்லையா மதி?"

வளர்மதி அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

இரண்டு நாள் அந்த வரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். மோசடி என்று எழுத மனம் வரவில்லை. நூல் பில் என்று எழுதக் கை வரவில்லை. மூன்றாவது நாள் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு யோசனை வந்தது. இது மோசடி இல்லையென்றால், இதற்கென்று நியாயமாக ஒரு பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். பேரேட்டில் மளிகைக்கு ஒரு தலைப்பு உண்டு, மருந்துக்கு உண்டு, கோயிலுக்கு உண்டு. சிறுவாட்டுக்கு ஏன் இருக்கக் கூடாது?

எழுதினான். 'சிறுவாடு: குடும்பத்தில் ஒருவர் தனக்கென்று ஒதுக்கி வைக்கும் பணம். இது குற்றமல்ல. இதற்குக் காரணம் கேட்க வேண்டாம். தொகையை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டாம்.'

திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தான். பொய் ஒரு சொல்கூட இல்லை. யாரையும் காட்டிக் கொடுக்கவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு நல்ல காரியம் எதையும் செய்ததில்லை என்று நினைத்தான். அவன் கண் கலங்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து சுபாஷிணி மேடம் அன்றைக்கே கூப்பிட்டார்கள்.

"மகுடீஸ், எப்படி உங்களுக்கு இது தோணிச்சு? எங்க அம்மாகூட வச்சிருந்தாங்க, தெரியுமா? பீரோல புடவை மடிப்புக்குள்ள. இதை நாம ஒரு வசதியாவே கொடுத்துடலாம். கடையில இருக்கற பணத்தையெல்லாம் அவங்கவங்க பேருக்கே மாத்தி, பூட்டு போட்டுடலாம். தையக்காரங்களுக்குக் கமிஷன் வேற எதுக்கு?"

"நல்லதுங்க மேடம். ஆனா பேரேட்டுல தெரியாம இருந்தா இன்னும் நல்லா இருக்குங்க."

"அது எப்படி? வரியே இல்லன்னா கூட்டல் உதைக்காதா?"

"உதைக்குமுங்க" என்று ஒப்புக்கொண்டான்.

"அப்ப வரி இருக்கட்டும். தொகை இருக்கற இடத்துல சின்னதா ஒரு பூட்டுப் படம். உள்ள எவ்வளவுன்னு அந்தம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மகளிர் தினத்தன்னைக்கு விட்டுடலாம்."

சாயங்காலம் வளர்மதியிடம் போனைக் காட்டினான். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்துத்தான் காட்டினான். அவள் நின்றபடியே படித்தாள்.

"இது எல்லாரு ஊட்டுலயும் வருமுங்களா?"

"எல்லாரு ஊட்டுலயும்."

"ஆம்பளைகளுக்கும் தெரியுமா?"

"எவ்வளவுன்னு தெரியாது. பூட்டு மட்டுந்தான் தெரியும்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். "சாப்பிட வாங்க" என்றாள்.

மகளிர் தினத்தன்று பூட்டுகள் வந்தன. அவன் எழுதிய காரணத்தைக் கற்றுக்கொண்ட கணக்கி, அதை வைத்துக்கொண்டு மாநிலம் முழுக்கத் தேடிப் பார்த்திருந்தது. சேலத்தில் அது பியூட்டி பார்லராக இருந்தது. கரூரில் மாவு மில்லாக இருந்தது. ஓர் ஊரில் மருதாணி போடுகிறவளாகவும், இன்னோர் ஊரில் ஊறுகாய் விற்கிறவளாகவும் இருந்தது. ஆண்கள் அட்டவணை போட முடியாமல் விட்ட இடங்களில் எல்லாம் சிறுவாடு இருந்தது. ஒன்றைக்கூட விடாமல் எடுத்து, உரியவர்கள் பெயரில் பத்திரமாகப் பூட்டி, அவரவர் குடும்பப் பேரேட்டில் கொண்டுபோய் வைத்தது. ஒரு பைசா குறையவில்லை. அந்த விஷயத்தில் கணக்கியைக் குறை சொல்லவே முடியாது.

அதன்பின் நடந்ததற்கும் யாரையும் தனியாகக் குறை சொல்ல முடியாது. பூட்டை உடைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் வரவில்லை. வீடுகளில் ஆண்கள் கேட்டார்கள், அவ்வளவுதான். சில வீடுகளில் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சில வீடுகளில் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். சில வீடுகளில் என்ன செய்தார்கள் என்று பேரேட்டில் மருந்துச் செலவு என்ற தலைப்பில் தெரிந்தது. ஆபீஸ்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், "எங்கூட்டுப் பேரேட்டுல பூட்டே கெடையாது, பாக்கறீங்களா?" என்று போனை நீட்டுவது ஒரு பெருமையாகிவிட்டது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு பெண்ணின் பேரேட்டையும் வாங்கி, பூட்டில்லாத பெண் என்று எடுத்துச் சொன்னார்கள். ஒரு வங்கி, பூட்டு இருக்கும் குடும்பத்துக்கு வீட்டுக் கடனில் அரை சதவீதம் வட்டி கூட்டியது. தெரியாத தொகை தெரியாத ஆபத்து என்று அதற்கு விளக்கமும் தந்தது. மற்ற வங்கிகளும் அதையே செய்தன.

ஒரு நாள் காலையில் லிஃப்ட்டில் மேல்மாடி சண்முகசுந்தரத்தைப் பார்த்தான். நூல் மில்லில் மேனேஜர். பக்கத்தில் அவர் மனைவி கோகிலா காய்கறிப் பையோடு நின்றிருந்தாள்.

"மகுடீசு, உங்காபீஸ் பண்ணுனதுலயே உருப்படியான வேலை இதுதானுங்க" என்றார் சண்முகசுந்தரம். "எங்கூட்டுலயும் ஒரு பூட்டு வந்துதுங்க. என்ன கோகிலான்னேன். தொறந்து குடுத்துட்டா. மூணு லட்சத்துச் சில்லறை. நான் அப்படியே ஆடிப்போயிட்டேன். காருக்கு அட்வான்ஸ் கட்டிட்டோம்."

கோகிலா சிரித்தாள். பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் ஒரு வருடம் கிடைத்தால் போதும் என்று ஜமுனா சொன்னது இவளைத்தானோ என்று மகுடீஸ்வரனுக்குத் தோன்றியது. கேட்க முடியாது. கேட்டுத் தெரிந்துகொண்டும் ஆவதற்கு ஒன்றும் இல்லை. லிஃப்ட் கீழே வந்து நின்றதும் அவர்களுக்கு வழிவிட்டு, கடைசியாக இறங்கினான்.

பூட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவந்தன. சுபாஷிணி மேடம் அதற்கும் மகிழ்ச்சிதான் அடைந்தார்கள். "பாத்தீங்களா, அவங்களாவே திறந்துட்டாங்க. நாம கட்டாயப்படுத்தவே இல்ல. அடுத்த வருஷம் அந்தத் தலைப்பையே எடுத்துடலாம் போல இருக்கு." மகுடீஸ்வரனுக்குச் சம்பள உயர்வு வந்தது. அது பேரேட்டில் பதிந்தது. பின்தெருவில் ஜமுனாவின் மிஷின் இப்போது நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. கமிஷன் போய்விட்டதால் நிஜமாகவே தைத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. அவன் அந்த வழியாகப் போனால் அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அவன் வீட்டில் மட்டும் பூட்டு அப்படியே இருந்தது. அவன் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை அவ்வப்போது நினைத்துத் திருப்திப்பட்டுக்கொண்டான். வட்டி கூடியது என்று வங்கியிலிருந்து தகவல் வந்தபோதும் வளர்மதியிடம் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் இருந்தது. தகவல் அவள் போனுக்கும் வந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, தொறந்துட்டேன்."

"எதுக்கு மதி? நான் கேட்டனா?"

"கேக்கலீங்க. தெனமும் சாயங்காலம் அந்தப் பூட்டு வருது. நீங்க அதப் பாத்துட்டுக் கேக்காம இருக்கறீங்க. கேக்காம இருக்கறது எனக்குத் தெரியுது. எத்தனை நாளைக்கு அப்படியே இருக்கறது? அதுக்கு இது இல்லாமயே இருக்கலாம்."

போனை அவனிடம் நீட்டினாள். பணத்தை வீட்டுக் கணக்குக்கு மாற்றுவதற்கு முன்னால் கணக்கி கேட்டுக்கொண்டிருந்தது: "இது எதற்காகச் சேர்த்தது?" அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'எதற்குமில்லை.' அதற்கும் கீழே கணக்கியின் பதில் இருந்தது: "புரியவில்லை. இது எதற்காகச் சேர்த்தது?"

"நாலு தடவை போட்டுட்டேன். எடுத்துக்க மாட்டேங்குது. நீங்களே எதாச்சும் போட்டுருங்க. உங்களுக்குத்தான் அது வருமே."

அவன் போனை வாங்கினான். தொகையைப் பார்த்தான். பெரிய தொகை ஒன்றும் இல்லை. இதுவா என்று இருந்தது. இதையா இத்தனை நாள் மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது. 'வீட்டுக் கடனுக்காக' என்று எழுதினான். கணக்கி உடனே ஏற்றுக்கொண்டது. அது பொய் என்பது எழுதிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வளர்மதி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் கடைக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, பூ வாங்கிக்கட்டுங்களா? ஒரு மொழம்."

அவன் சிரித்தான். "இதென்ன புதுசா?"

அவள் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. பஸ் டிக்கெட்டுக்குக் காத்திருப்பவளைப் போல நின்றாள்.

"வாங்கிக்க" என்றான்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அவன் மேசைக்கு வந்த முதல் சந்தேகம் மிகச் சின்னது. ஏதோ ஒரு வீடு, பெயர் மறைக்கப்பட்டிருந்தது. பூ ஒரு முழம். அப்படி ஒரு செலவைப் பற்றிக் கணக்கி யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண் தானாகவே ஒரு காரணம் எழுதியிருந்தாள். அந்தக் காரணம் கணக்கிக்குப் புதிது. அதனால் அனுப்பியிருந்தது.

காரணம்: 'வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கியது.'

கீழே வழக்கமான கேள்வி இருந்தது. இதை ஒரு காரணமாக ஏற்கலாமா? ஏற்றால் எல்லா வீடுகளுக்கும் பரிந்துரைக்கப்படும்.

மகுடீஸ்வரன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். 'ஏற்க வேண்டாம்' என்று போடலாம். போட்டால் ஏன் என்று கேட்கும். பொய்யென்று எழுத வேண்டியிருக்கும். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை என்பது, எழுதியவளைத் தவிர, உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்.

'ஏற்கலாம்' என்பதை அழுத்தினான்.

மத்தியானத்துக்குள் சேலத்திலும் கரூரிலும் மதுரையிலும் வளையலுக்கும் வடைக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் அந்தக் காரணம் விழ ஆரம்பித்தது. அவற்றில் எதுவும் அவன் மேசைக்கு வரவில்லை. கணக்கி இனிமேல் கேட்க வேண்டியதில்லை.